நிழல் நிலத்துக்கு ஏலம்: விதையிலிருந்து ஒரு தொடக்கம்

(கீழ்ப்பழனி மலைப்பகுதித் தோட்டக்காரர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காப்பியையும் மிளகையும் பற்றிப் பேச இந்த மலையில் ஆட்களுக்குக் குறைவில்லை. அதனால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தை ஏலத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஏக்கர் கணக்கில் ஏலம் போடுகிறவர்களுக்கு என் பேச்சு அதிகம் உதவாது. அவர்கள் கணக்கு வேறு. வீட்டை ஒட்டி ஒரு பலா, இரண்டு ஆரஞ்சு, ஓரத்தில் ஒரு சந்தன வேம்பு, அவற்றின் அடியில் கத்தரியும் வராமல் தக்காளியும் வராமல் சருகு மட்டும் சேரும் நிலம், இப்படி வைத்திருப்பவர்கள் இந்த அவையில் பாதிப் பேருக்கு மேல் இருப்பீர்கள். உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த நிழலில் ஏலம் வையுங்கள். அதையும் பக்கக்கன்று வாங்கி நடாமல் விதை போட்டு வளருங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை இனிச் சொல்கிறேன்.

ஏலம் இஞ்சிக் குடும்பத்துச் செடி. இஞ்சி, மஞ்சள், சித்தரத்தை எல்லாம் அதற்கு உறவு. ஆனால் இஞ்சியையும் மஞ்சளையும் மனிதன் எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கிழங்கு வெட்டி நட்டே பழக்கிவிட்டான். அவை எந்தக் காட்டிலிருந்து வந்தன என்று இன்று கைநீட்டிக் காட்டுவது கடினம். ஏலம் அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மழைக்காட்டில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டர் வரை, அது இன்றும் தானாக முளைக்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் பொருள்களில் பிறந்த காட்டை இன்னும் விடாமல் இருப்பவை மிகச் சில. மிளகு ஒன்று, ஏலம் ஒன்று. இரண்டும் நம் மலைக்குச் சொந்தம்.

19ஆம் நூற்றாண்டு வரை ஏலத்தைப் பெரும்பாலும் யாரும் ‘பயிர்’ செய்யவில்லை. காட்டுக்குள் போய்ப் பறித்து வந்தார்கள். திருவிதாங்கூரில் அது அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. பறித்தவர்கள் அரசுக்கே கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு அந்த நூற்றாண்டின் கடைசி வரை நீடித்தது.

குடகில் இருந்த முறை இன்னும் சுவையானது. நான் இன்று சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் அதில் இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குடகுக் காட்டில் ஏலம் எடுக்க நினைத்தவர்கள் விதையும் போடவில்லை, கன்றும் நடவில்லை. கோடையின் தொடக்கத்தில் காட்டுச் சரிவில் சிறு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கீழ்ச்செடிகளை வெட்டி ஒதுக்குவார்கள். பிறகு அங்கே நிற்கும் பெரிய மரம் ஒன்றைச் சரிவின் கீழ்நோக்கி விழும்படி வெட்டிச் சாய்ப்பார்கள். அது விழும்போது பக்கத்து மரக்கிளைகளையும் முறித்துக்கொண்டு விழும். மேலே கூரையில் ஓர் ஓட்டை விழுந்த மாதிரி வெளிச்சம் இறங்கும். அவ்வளவுதான் வேலை. முதல் மழை பெய்து சில வாரங்களில் அந்த இடம் முழுக்க ஏல நாற்று தலைகாட்டும். மரம் விழுந்த அதிர்ச்சியில் பூமி குலுங்கியதால்தான் ஏலம் முளைத்தது என்று அங்கே பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. விதை ஏற்கெனவே மண்ணில் கிடந்தது. தலைக்கு மேல் இருட்டு மூடியிருந்த வரை அது முளைக்கவில்லை. மேல்மண் கிளறப்பட்டு, ஈரம் சேர்ந்து, மெல்லிய வெளிச்சமும் வந்ததும் முளைத்தது. வெட்டவெளியாக்கிய காட்டில் அது முளைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு மரம் போன இடைவெளியில்தான் முளைத்தது. சுற்றிலும் காடு நின்றது. வெயில் நேராக விழவில்லை, காற்று உலரவில்லை, மண்ணில் மக்கு இருந்தது. உங்கள் பலா மரத்தடியில் நீங்கள் உண்டாக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். மரத்தை வெட்டாமல்.

சரி, பக்கக்கன்று நட்டால் என்ன? தூரைப் பிரித்து நட்டால் சீக்கிரம் வளரும், சீக்கிரம் காய்க்கும், தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே இருக்கும். உண்மை. தோட்டக்காரர்கள் அதனால்தான் அதை விரும்புகிறார்கள். இடுக்கியில் ஒரு விவசாயி தன் சொந்தத் தோட்டத்திலிருந்தே தேர்ந்தெடுத்த ஞள்ளானி என்ற ரகம் ஏல விளைச்சலையே புரட்டிப்போட்டது. இன்று ஏலமலை முழுக்கப் பரவியிருப்பது பெரும்பாலும் அதுதான். அந்த விவசாயியின் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆராய்ச்சி நிலையங்கள் செய்யாததைத் தன் கொல்லையில் அவர் செய்தார். ஆனால் அவர் அதை எப்படிச் செய்ய முடிந்தது? அவருடைய தோட்டத்தில் செடிக்குச் செடி வித்தியாசம் இருந்தது. சிலது உயரம், சிலது குட்டை, சிலது கொத்துக் கொத்தாகக் காய்த்தது. வித்தியாசம் இருந்ததால் தேர்ந்தெடுக்க முடிந்தது. இன்று ஒரே செடியின் கன்றுகளையே எல்லாரும் நட்டுவிட்டால் நாளைக்கு எவருக்கும் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

ஏலத்தில் பொதுவாக 3 வகை சொல்வார்கள். மலபார் வகையில் பூச்சரம் தரையோடு படரும். மைசூர் வகையில் சரம் நிமிர்ந்து நிற்கும். வழுக்கா இரண்டுக்கும் நடுவில், சரிந்து நிற்கும். அந்த இரண்டின் இயற்கைக் கலப்பு என்று கருதுகிறார்கள். ஒரே மலையில் இத்தனை வடிவங்கள் வந்தது விதையால். தேனீ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போனதால். விதை போட்டால் ஒவ்வொரு நாற்றும் புதுப் பிறவி. 20 நாற்றில் 15 சுமாராக இருக்கலாம். ஒன்று உங்கள் மண்ணுக்கும் உங்கள் மழைக்கும் அப்படியே பொருந்தி நிற்கும். வணிகத் தோட்டக்காரருக்கு இந்தச் சீட்டாட்டம் கட்டுப்படியாகாது. வீட்டுத் தோட்டத்துக்குக் கட்டுப்படியாகும். நமக்கு வருமானம் முக்கியமில்லை, பாயசத்துக்கும் தேநீருக்கும் போக மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற அளவு போதும்.

இரண்டாவது காரணம் நோய். இது எனக்கு முதல் காரணத்தைவிடவும் பெரிது. இந்த மலையில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலைவாழைக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். விருப்பாட்சி வாழை இந்தச் சரிவெல்லாம் நின்ற காலத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்திருக்கிறீர்கள். முடிக்கொத்து நோய் வந்தது. இலை குறுகி உச்சியில் கொத்தாக நின்றது, தார் வரவில்லை. அசுவினி பரப்பியது பாதி. நல்ல கன்று என்று நினைத்து ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் நட்டு நாமே பரப்பியது மீதிப் பாதி. கன்றுக்குள் வைரஸ் இருந்தால் அது வெளியே தெரியாது. தெரியும்போது தோட்டம் முழுக்கப் போயிருக்கும்.

ஏலத்துக்கும் அப்படி ஒரு நோய் உண்டு. கட்டே நோய். இளம் இலையில் நடு நரம்பிலிருந்து ஓரம் நோக்கி வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூர் சிறுக்கும், சரம் குறையும், கடைசியில் செடி புல் மாதிரி ஆகிவிடும். மருந்து கிடையாது. தோண்டி எடுத்துக் கிழங்கோடு அழிப்பதுதான் ஒரே வழி. இதையும் பரப்புவது வாழை அசுவினிக்கு நெருங்கிய உறவான ஒரு சிறு பூச்சிதான். நோயுள்ள கிழங்கைப் பிரித்து நட்டால் நோயும் கூடவே வரும். ஆனால் கட்டே வைரஸ் விதை வழியாகப் போவதில்லை. நோயுள்ள தாயின் விதையிலிருந்தும் நோயற்ற பிள்ளை பிறக்கும். இயற்கை நமக்கு இவ்வளவு பெரிய சலுகை கொடுத்திருக்கும்போது அதைக் கையில் வாங்காமல் யாரோ கொடுத்த கிழங்கை வாங்கி நடுவானேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலம் இங்கிருந்து நடு அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குப் போனது. இன்று உலகச் சந்தைக்கு நம்மைவிட அதிகமாக அனுப்புவது அந்த நாடு. அவர்களுக்கு நல்ல மண்ணும் மழையும் உண்டு. ஆனால் காட்டு ஏலம் கிடையாது. நாளை ஏதோ ஒரு புது நோய்க்குத் தாங்கும் செடி வேண்டுமென்றால் உலகம் திரும்பி வர வேண்டிய இடம் நம் மலை. அந்தப் பொறுப்பில் ஒரு துளி நம் வீட்டுக் கொல்லைக்கும் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

எப்படி என்பதற்கு வருகிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை. நர்சரிகளில் ‘ஏலக்காய்ச் செடி’ என்று தொட்டியில் விற்கிறார்களே, கீழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கிறதே, அதில் பெரும்பாலானவை ஏலமில்லை. அதே குடும்பத்து அல்பினியா செடிகள். இலையைக் கசக்கினால் ஏல வாசனை வரும், அதனால் வாங்குகிறவர் நம்பிவிடுகிறார். வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு காயும் வராமல், ‘நம் வீட்டுக்கு ஏலம் ராசியில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எளிது. அல்பினியாவுக்குப் பூ இலைத்தண்டின் உச்சியில் வரும். ஏலத்துக்குப் பூச்சரம் தண்டின் அடியில், தரையை ஒட்டிக் கிளம்பும். பூக்காத செடியாக இருந்தால் விற்பவரிடம் ‘பூ எங்கே வரும்?’ என்று கேளுங்கள்.

கடையில் வாங்கும் ஏலக்காயை உடைத்து விதை போட்டுப் பார்த்தவர்களும் இங்கே இருப்பீர்கள். அது முளைக்காததற்கு உங்கள் கை காரணமில்லை. போடிக்கும் வண்டன்மேட்டுக்கும் விற்பனைக்குப் போகிற ஏலத்தைச் சற்று முன்னமே, தோல் பச்சையாக இருக்கும்போதே பறிப்பார்கள். பழுத்தால் காய் வெடித்து விலை போகாது. பறித்ததை ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் அறையில் வைத்து, ஏறத்தாழ 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்துவார்கள். பச்சை நிறம் அப்படித்தான் நிற்கிறது. அந்தச் சூட்டில் விதையின் உயிர் போய்விடுகிறது. ஆகவே விதைக்கு நமக்கு வேண்டியது செடியிலேயே நன்றாகப் பழுத்த காய். பச்சை மாறி வெளிர்மஞ்சள் ஓடியிருக்க வேண்டும். தெரிந்த தோட்டக்காரரிடம் சொல்லிவைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு கைப்பிடி கிடைக்காமல் போகாது. எந்தச் செடி என்று நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். தூர் அடர்த்தியாக இருக்க வேண்டும், சரம் நீளமாக, கிளைத்து, காய் பெரிதாக இருக்க வேண்டும், கோடையில் இலை சுருளாமல் நின்ற செடியாக இருக்க வேண்டும். இந்தக் கடைசித் தகுதியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

பழுத்த காயை விரலால் அழுத்தினால் 3 அறையாகப் பிளக்கும். ஒவ்வோர் அறையிலும் கறுத்த விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக இருக்கும். ஒரு காயில் 15, 20 விதை இருக்கும். அவற்றைச் சுற்றி வெள்ளைப் பசை. நாக்கில் வைத்தால் இனிக்கும், பிறகுதான் காரம் வரும். எறும்புக்கு அந்த இனிப்பு போதும், பாத்தியை ஒரே இரவில் காலி செய்துவிடும். பூஞ்சைக்கும் அதுதான் விருந்து. அதனால் பசையை முழுக்க எடுக்க வேண்டும். விதைகளைப் பாத்திரத்தில் போட்டு அடுப்புச் சாம்பல் இரண்டு கைப்பிடி தூவிப் பிசையுங்கள். முதலில் கையில் வழுக்கும். பிசையப் பிசைய வழுக்கல் குறைந்து விதை தனித்தனியாகப் பிரியும். நல்ல தண்ணீரில் 3, 4 முறை அலசி, மிதக்கும் விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயில் கூடாது. இரண்டொரு நாளில் விதை மங்கலான பழுப்புக் கறுப்பாகி, கையில் உருளும்.

ஏல விதைக்கு மேல்தோல் கெட்டி. அதனால்தான் முளைப்பு தாமதம், சீரற்றும் வரும். ஆராய்ச்சி நிலையங்களில் நைட்ரிக் அமிலத்தை 25 விழுக்காட்டுக்கு நீர்க்கவைத்து அதில் 10 நிமிடம் விதையை வைத்து, கழுவி விதைக்கச் சொல்வார்கள். தோலைச் சற்று அரித்து ஈரம் உள்ளே போகச் செய்யும் வேலை அது. வீட்டில் அமிலம் வேண்டாம், குழந்தைகள் இருக்கிற இடம். கரடான ஆற்று மணலோடு சேர்த்து, துணியில் கட்டி, உள்ளங்கையால் சிறிது நேரம் உருட்டித் தேய்த்தால் தோல் கொஞ்சம் சிராய்க்கும். முளைப்பு சில நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், விதையைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். நெல்லையும் உளுந்தையும் போல டப்பாவில் போட்டு அடுத்த பட்டத்துக்கு வைக்கிற விதை இது இல்லை. மழைக்காட்டு விதைகள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. காய்ந்தும் பழசாகியும் போனால் முளைப்பு வேகமாகக் குறையும். காயிலிருந்து எடுத்த இரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மழைக்காட்டில் இதன் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது. நீலநிறக் காய் காய்க்கும் இஞ்சிச் செடி, அல்பினியா இனம். அந்த மண்ணின் பழங்குடிகள் காயை உடைத்து, புளிப்பான வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டு, விதையைத் துப்பிக்கொண்டே நடந்தார்கள். வழியெல்லாம் செடி முளைத்தது. அங்குள்ள வீட்டுத் தோட்டக்காரர்களும் புது விதையாக, சதை நீக்கி, நிழலில் போடுவதைத்தான் செய்கிறார்கள். கடல் கடந்தாலும் இந்தக் குடும்பத்தின் பழக்கம் மாறவில்லை.

பாத்தி மேட்டுப்பாத்தியாக இருக்கட்டும். ஒரு சாண் உயரம் போதும். நன்றாக மக்கிய இலைமக்கும் மணலும் மேல்மண்ணும் கலந்து, தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும். விதையை 1 செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போடாதீர்கள். மேலே மணலை விதை மூடும் அளவுக்கு மெல்லத் தூவி, வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பி, பூவாளியால் தினம் நனையுங்கள். புரட்டாசியில் போட்டால் குளிர் முற்றுவதற்குள் முளைக்கத் தொடங்கிவிடும். மார்கழிக் குளிரில் போட்ட விதை அப்படியே கிடக்கும். ஒரு மாதத்தில் முதல் முளை வரலாம். எல்லாம் ஒரே நாளில் வராது. இன்று இரண்டு, அடுத்த வாரம் நான்கு, அதற்கடுத்த மாதமும் சிலது என்று வந்துகொண்டே இருக்கும். ஆகவே, முளைக்கவில்லை என்று முடிவு செய்து பாத்தியைக் கொத்திவிடாதீர்கள். முளை தெரிந்ததும் மூடிய வைக்கோலை மட்டும் எடுத்துவிட்டு, மேலே ஓர் அடி உயரத்தில் தென்னங்கீற்றோ நிழல்வலையோ கட்டுங்கள்.

ஏல நாற்று பார்ப்பதற்குப் புல். இதில்தான் பல நாற்றுகள் களையாகப் பிடுங்கப்பட்டுப் போகின்றன. முதல் இலை குறுகி, வெளிர்பச்சையாக, குழலாகச் சுருண்டு வந்து விரியும். சந்தேகம் வந்தால் இலை நுனியை நகத்தால் கிள்ளி முகருங்கள். புல்லுக்கு ஏல வாசனை கிடையாது. ஈரம் அதிகமானால் நாற்று அடியில் அழுகிச் சாயும். அழுகலை மருந்தால் துரத்துவதைவிட நெருக்கத்தைக் குறைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விட்டு, காற்றோட்டம் கொடுப்பது நல்லது. நத்தைக்கு இந்த இளம் இலை மிகவும் பிடிக்கும். மாலையில் ஒரு சுற்றுப் போய்ப் பொறுக்கிவிடுங்கள். 3, 4 இலை வந்ததும் நாற்றைப் பைக்கு மாற்றலாம். பையில் ஓராண்டு இருக்கட்டும். அதற்குள் பக்கத்தில் ஒன்றிரண்டு தூர் கிளம்பிவிடும். அப்போதுதான் அது நிலத்துக்குப் போகத் தயார்.

இனி நிழல். நிழல் என்றால் எந்த நிழலும் ஆகும் என்று எண்ணக்கூடாது. சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் ஒன்றில்லை. சுவரோரம் வைத்த ஏலம் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்து, தூர் விடாமல், பூக்காமல் நிற்கும். திறந்த வெயிலில் வைத்தது இலை வெளுத்து, ஓரம் கருகி, கோடையில் கிழங்கோடு சுருங்கும். பாதி வெயில், பாதி நிழல், அதுவும் அசைந்துகொண்டே இருக்கிற நிழல் வேண்டும். நடுப்பகலில் அந்த இடத்தில் நின்று தரையைப் பாருங்கள். வெயில் புள்ளி புள்ளியாக விழுந்து காற்றுக்கு நகர்ந்தால் இடம் சரி. காலை வெயில் சரிந்து வரட்டும், மேற்கு வெயில் மட்டும் கூடாது. பலா நல்ல நிழல், ஆனால் ஆண்டுக்கொருமுறை மழைக்கு முன் கிளை கழிக்க வேண்டும். சந்தன வேம்பு மிக நல்லது. முள்முருங்கை சீக்கிரம் நிழல் தரும், உதிரும் இலை உரமாகும். சில்வர் ஓக்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் நிழல் மெலிது, இலை மக்க நாளாகும், இந்த மலைக்கும் அது விருந்தாளி. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, மழைக்காட்டு மரங்களைச் சாலையோர விதைகளிலிருந்தே நாற்றாக்கிச் சிதைந்த காட்டுத் துண்டுகளில் நட்டுப் பல ஆண்டுகளாக அவற்றை மீட்டுவருகிறது. ஏலத்துக்கு நிழல் இல்லாதவர்கள் அந்த வழியில் முதலில் நாட்டு மரம் ஒன்றை விதையிலிருந்து தொடங்குங்கள். மரம் வரும்வரை ஏலம் பையில் காத்திருக்க முடியாது என்பதால் வாழையை இடைக்கால நிழலாக வைக்க நினைப்பீர்கள். அசுவினியை நினைத்து அதைத் தவிருங்கள். ஆமணக்கோ அகத்தியோ போடலாம்.

நடும்போது குழியை அகலமாக வெட்டுங்கள், ஆழமாக வேண்டாம். குழியை மேல்மண்ணும் மக்கும் கலந்து நிரப்பி, நாற்றை மேலாக, பையில் இருந்த அதே மட்டத்தில் வையுங்கள். கிழங்கு மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். ஏலத்தின் வேர் மேல்மண்ணிலேயே படரும் வேர். எனவே அதைச் சுற்றிக் கொத்தாதீர்கள். களையைக் கையால் எடுங்கள், சருகை அள்ளிக் கொண்டுவந்து மூடுங்கள். தை முதல் சித்திரை வரை, மழையில்லாத அந்த மாதங்களில்தான் செடி சாகும். சருகு மூடாக்கும் வாரம் ஒன்றிரண்டு முறை தண்ணீரும் அதைக் காப்பாற்றிவிடும். ஆண்டுக்கொருமுறை காய்ந்த தண்டுகளையும் பழைய சரங்களையும் கவாத்துச் செய்யுங்கள்.

நட்டு இரண்டு, மூன்று ஆண்டில் சரம் வரும். தரையோடு தரையாக, சருகைத் தள்ளிக்கொண்டு வெளியே நீளும். பூ வெள்ளை. கீழ் இதழில் ஊதா நரம்புகள் நடுவிலிருந்து விரிந்திருக்கும். விடியற்காலையில் விரிகிற பூ மறுநாள் வாடிவிடும். காய் பிடிக்க அந்த ஒரு பகல்தான். பூவின் சூல்முடி மகரந்தப் பைக்குச் சற்று மேலே நிற்பதால் தானாக மகரந்தம் சேராது. யாராவது கொண்டுபோக வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு ஏலத்தையும் தோட்ட ஏலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. காட்டில் ஏலப் பூவுக்கு வேலை செய்தவை தனித்து வாழும் தேனீக்கள். தோட்டத்தில் அந்த வேலையைக் கூட்டமாக வாழும் மலைத்தேனீயும் இந்தியத் தேனீயும் எடுத்துக்கொண்டிருந்தன. செடியைக் காட்டிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது அதற்கு உதவும் பூச்சியே மாறிவிட்டது. இதைப் படித்த பிறகு என் தோட்டத்து மண்மேட்டில், காய்ந்த மரத்துளைகளில் ஒண்டியாகக் குடியிருக்கும் தேனீக்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். மண்மேட்டைச் சிமென்ட் போட்டுப் பூசவில்லை, செத்த கிளைகளை எல்லாம் அடுப்புக்கு எடுக்கவில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். பூக்கும் மாதங்களில் எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். ஏலம் இந்த நாட்டிலேயே மிக அதிகமாக மருந்து அடிக்கப்படும் பயிர்களில் ஒன்றாகிவிட்டது. நம் வீட்டுக் கொல்லையிலாவது அது இல்லாமல் இருக்கட்டும். இலைப்பேன் காயின் தோலைச் சுரண்டிச் சொறியாக்கும். சொறி பிடித்த காய்க்குச் சந்தையில் விலை குறையும், நம் வீட்டுப் பாயசத்துக்கு அது போதும்.

காய் முற்ற ஏறத்தாழ 4 மாதம் ஆகும். எலியும் அணிலும் அதற்கு முன்பே தேடி வரும். எல்லாவற்றையும் அவை கொண்டுபோவதில்லை.

முதல் காய்ப்பிலேயே எந்தச் செடி நல்லது என்று தீர்மானிக்காதீர்கள். இரண்டு கோடையாவது பாருங்கள். தண்ணீர் குறைந்தபோது எது இலை சுருளாமல் நின்றது, எதன் சரம் கிளைத்தது, எதன் காயில் மணம் கனமாக இருந்தது என்று பார்த்து அந்தத் தூரில் ஒரு துணி கட்டி வையுங்கள். அதில் சில காய்களைப் பறிக்காமல் பழுக்க விடுங்கள். அடுத்த பாத்திக்கு விதை அதிலிருந்து வரட்டும். பக்கத்து ஊரில் ஒருவர் அப்படித் தேர்ந்தெடுத்த விதையை உங்களுக்குத் தரட்டும், உங்களுடையதை அவருக்குக் கொடுங்கள். தாண்டிக்குடியில் நல்லது பண்ணைக்காட்டில் நல்லதாக இருக்க வேண்டியதில்லை, ஆடலூரில் தோற்றது பெரும்பாறையில் ஜெயிக்கலாம். நான்கைந்து ஊர்களில் பத்துப் பத்துப் பேர் இப்படி வைத்தாலே இந்தச் சரிவுக்கென்று ஓர் ஏலம் உருவாகத் தொடங்கும்.

என்னிடம் துணி கட்டிய தூர்கள் சில இருக்கின்றன. காய் புரட்டாசி நடுவில் பழுக்கும். வேண்டியவர்கள் பெயரை இங்கே மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், சொல்லி அனுப்புகிறேன். வரும்போது ஈரத்துணி கொண்டுவாருங்கள், டப்பா வேண்டாம். வீட்டில் விறகடுப்பு இல்லாதவர்களுக்குச் சாம்பலும் நானே தருகிறேன். ஆளுக்கு 10 காய். ஆனால் பாத்தியை முன்னாலேயே போட்டு வைத்திருக்க வேண்டும்.